மச்சில் ஏறிப் பாருங்கள்

 

இன்றைய பேச்சு கூரையைப் பற்றியது.

வீட்டைப் பற்றிப் பேசினால் எல்லோரும் சுவரைப் பார்ப்பார்கள். தரையைப் பார்ப்பார்கள். வாசற்படியைப் பார்ப்பார்கள். கூரையை யார் பார்க்கிறார்கள்? மழை ஒழுகினால் மட்டும் அண்ணாந்து பார்ப்பார்கள். அடியில் ஒரு பாத்திரத்தை வைப்பார்கள். அத்தோடு மறந்துவிடுவார்கள்.

ஆனால் புயல் அப்படி மறப்பதில்லை. புயல் வந்தால் முதலில் கை வைப்பது கூரையில்தான். கூரை போனால் நெல் போகும். துணிமணி போகும். பிள்ளைகளின் புத்தகம் போகும். ரேஷன் அட்டை, பட்டா, பாஸ்புத்தகம் எல்லாம் நனைந்து கூழாகும். கூரை போன சுவர் தனியாக நிற்கும். தனியாக நிற்கும் சுவர் எப்போது வேண்டுமானாலும் விழும்.

ஒரு கூரையைக் காப்பாற்றுவது எது? நல்ல ஓடா? கனமான மரமா? இரண்டும் வேண்டும்தான். ஆனால் அவற்றைக் கட்டிப் பிடிக்கும் சில குறுக்குச் சட்டங்கள் இல்லாவிட்டால் அந்த ஓடும் மரமும் நிற்காது. அந்தச் சட்டங்கள் எவை? மச்சில் ஏறிப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு கதையோடு தொடங்கலாம்.

கொங்கணக் கடற்கரையில் ஒரு வீடு

மகாராஷ்டிர மாநிலத்தின் மேற்கே கொங்கணக் கடற்கரை இருக்கிறது. அங்கே ராய்கட் என்று ஒரு மாவட்டம். தென்னையும் பாக்கும் மாமரமும் நிறைந்த ஊர்கள். வீடுகளுக்குச் சிவந்த செம்புரைக்கல் சுவர். மேலே மங்களூர் ஓடு. ஓட்டுக்குக் கீழே மச்சு. அதை அங்கே 'மாளா' என்பார்கள். மழைக்கால விறகு, தேங்காய், நெல் மூட்டை எல்லாம் அங்கேதான் இருக்கும்.

அப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு தாய். ஒரு மகன். ஒரு மருமகள். மகன் படகில் மீன் பிடிக்கப் போவான். வீட்டு வேலையும் தோட்ட வேலையும் பெண்கள் இருவருக்கும். மருமகள் அப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றிருந்தாள். மாமியாரை அவள் 'ஆயி' என்று அழைப்பாள்.

தினமும் காலையில் மச்சில் ஏறி விறகு இறக்குவது மருமகள்தான். 2019-ஆம் ஆண்டு அறுவடை முடிந்தபின், ஒருநாள் அவள் மச்சில் ஒரு மாற்றத்தைக் கண்டாள். சுவருக்குச் சுவர் குறுக்கே ஓடிய ஒரு மரத்தைக் காணவில்லை. இரண்டு முனைகளிலும் அறுத்த அடையாளம் மட்டும் இருந்தது.

"ஆயி, மச்சில் ஒரு விட்டம் குறைகிறதே?" என்று கேட்டாள்.

"உன் புருஷன்தான் அறுத்தான். நெல் மூட்டையை உள்ளே தள்ள இடைஞ்சலாக இருந்ததாம். இடுப்பு உயரத்தில் குறுக்கே நிற்கிறது, ஒவ்வொரு முறையும் குனிய வேண்டியிருக்கிறது என்றான். ஒன்றுதானே, போகட்டும் என்று விட்டேன்" என்றார் ஆயி.

ஒன்றுதானே! அந்த வீட்டில் அப்படி ஏழு விட்டங்கள் இருந்தன. ஒன்று போனால் மீதி ஆறு.

சில வாரங்கள் கழித்துச் சுவரில் ஒரு கோடு தெரிந்தது. அறுத்த இடத்துக்குப் பக்கத்தில், மேலிருந்து கீழாக ஒரு விரிசல். மேலே அகலம். கீழே வர வர ஒல்லி. மருமகள் மற்றவர்களிடம் சொன்னாள். "பழைய சுவர்தானே, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் சும்மா இருக்கவில்லை. ஒரு கரித்துண்டை எடுத்தாள். விரிசல் எந்த இடத்தில் முடிகிறதோ அந்த இடத்தில் ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் தேதி எழுதினாள். '1-1-2020'. அடுத்த மாதம் பார்த்தாள். விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தது. மறுபடியும் கோடு, மறுபடியும் தேதி. இப்படி மே மாதம் வரை ஐந்து தேதிகள் சுவரில் ஏறின. ஒவ்வொன்றும் முந்தியதற்குக் கீழே.

தேதி எழுதாத விரிசலைப் 'பழைய விரிசல்' என்று யாரும் தள்ளிவிடலாம். தேதி எழுதிய விரிசலை யாரும் அப்படித் தள்ள முடியாது.

மிஸ்திரி வந்தார்

கொங்கணத்தில் மே மாதம் ஓடு மாற்றும் மாதம். ஜூனில் பெருமழை தொடங்கிவிடும். அதற்கு முன் ஓடுகளை இறக்கி, துடைத்து, உடைந்ததை மாற்றி, மறுபடி அடுக்குவார்கள். அந்த வீட்டுக்கு ஒரு வயதான மிஸ்திரி வந்தார். ஊரில் எல்லோரும் அவரைக் 'காகா' என்பார்கள். காகா என்றால் சித்தப்பா.

மகன் அவரிடம் சொன்னான்: "காகா, மச்சில் இன்னும் ஒரு விட்டம் இடைஞ்சலாக இருக்கிறது. ஓடு இறக்கும்போதே அதையும் அறுத்துவிடுங்கள். அந்த மரத்தை ரீப்பருக்கு வைத்துக்கொள்ளலாம்."

காகா பதில் சொல்லவில்லை. ஏணி வைத்து மச்சில் ஏறினார். அறுத்த இடத்தைப் பார்த்தார். அப்போது மருமகள் சொன்னாள்: "காகா, இந்தச் சுவரையும் பாருங்கள். தேதி எழுதியிருக்கிறேன்."

அவர் ஒவ்வொரு தேதியாகப் பார்த்தார். கீழே இறங்கினார். வெளியே போய்ச் சுவரின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டு விட்டார். சுவரின் மேல்பகுதி ஒன்றரை விரல் அளவு வெளியே சாய்ந்திருந்தது.

"சூன்பாயி, நீ எழுதியது நல்லதாயிற்று" என்றார். அங்கே மருமகளைப் பெரியவர்கள் அப்படி அழைப்பார்கள். பிறகு மகனைப் பார்த்துச் சொன்னார்: "பாளா, நீ மரத்தை அறுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டிருந்த கையை அறுத்துவிட்டாய்."

"எப்படி காகா? விட்டத்தின் மேல் எந்தப் பாரமும் இல்லையே. அது சும்மாதானே கிடந்தது?"

"சிலேட் இருக்கிறதா?" என்று கேட்டார் காகா.

சிலேட்டும் நூலும்

காகா செய்து காட்டியதை நீங்களும் செய்யலாம். இப்போதே செய்யலாம்.

இரண்டு சிலேட்டுகளை எடுங்கள். ஒன்றோடு ஒன்று சாய்த்து, கூடாரம் போல நிறுத்துங்கள். கரடான தரையில் நிற்கும். வழவழப்பான தரையில் வையுங்கள். கால் வழுக்கி இரண்டு பக்கமும் விழுந்துவிடும். ஏன்? ஒவ்வொரு சிலேட்டும் தன் அடியை வெளியே தள்ளுகிறது.

இப்போது அடியில் இரண்டு சிலேட்டுகளையும் சேர்த்து ஒரு நூலால் கட்டுங்கள். அதே வழவழப்பான தரையில் நிற்கும். நூல் விறைப்பாக இருப்பதையும் பாருங்கள். அந்த நூல் எதையும் தாங்கவில்லை. இழுத்துப் பிடிக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அது அறுந்தால் கூடாரம் இல்லை.

சிலேட்டுகள்தான் கைமரங்கள். நூல்தான் விட்டம். ஓட்டின் பாரம் கைமரத்தின் மேல் இறங்குகிறது. கைமரத்தின் அடி சுவரின் தலையில் இருக்கிறது. விட்டம் இருந்தால் இரண்டு அடிகளையும் இழுத்துப் பிடிக்கும். விட்டம் இல்லாவிட்டால் கைமரம் சுவரைத் தள்ளும். சுவர் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும். பக்கவாட்டில் தள்ளினால் தாங்காது. மெல்ல மெல்லச் சாயும். முதலில் விரிசல் வரும். பிறகு ஒருநாள் கூரை உள்ளே விழும்.

இரண்டு கைமரம், ஒரு விட்டம். மூன்றும் சேர்ந்தால் ஒரு முக்கோணம். இந்த முக்கோணக் கட்டைத்தான் என்ஜினியர்கள் 'ட்ரஸ்' என்கிறார்கள்.

முக்கோணத்தில் என்ன விசேஷம்?

மூன்று மூங்கில் குச்சிகளை எடுங்கள். முனைகளைக் கட்டி முக்கோணம் செய்யுங்கள். அமுக்கிப் பாருங்கள். வடிவம் மாறாது. இப்போது நான்கு குச்சிகளைக் கட்டிச் சதுரம் செய்யுங்கள். ஒரு மூலையைத் தள்ளுங்கள். சதுரம் சாய்ந்து படுத்துவிடும். அதே சதுரத்தில் மூலைக்கு மூலை ஒரு குச்சியைக் கட்டுங்கள். இனி சாயாது. ஏனென்றால் சதுரம் இப்போது இரண்டு முக்கோணம் ஆகிவிட்டது.

இது புதிய விஷயம் இல்லை. சைக்கிளின் சட்டத்தைப் பாருங்கள். மின்சாரக் கோபுரத்தைப் பாருங்கள். ரயில் பாலத்தைப் பாருங்கள். பலகைக் கதவின் பின்புறம் சாய்வாக அடித்த சட்டத்தைப் பாருங்கள். எங்கும் முக்கோணம்தான்.

ஒரு பக்கம் மட்டும் போதாது

விட்டம் இருந்தால் கூரை பத்திரம்தானே? இல்லை. இன்னும் பாதி வேலை பாக்கி இருக்கிறது.

ஐந்தாறு நோட்டுப் புத்தகங்களைப் பாதி திறந்து, கூடாரம் போல வரிசையாக நிறுத்துங்கள். ஒவ்வொன்றும் ஒரு முக்கோணம். ஒவ்வொன்றும் தானாக நிற்கும். இப்போது வரிசையின் ஒரு கடைசியிலிருந்து ஊதுங்கள், அல்லது தள்ளுங்கள். முதல் நோட்டு இரண்டாவதின் மேல் விழும். இரண்டாவது மூன்றாவதின் மேல் விழும். வரிசை முழுதும் சரிந்துவிடும்.

கூரையும் அப்படித்தான். வீட்டின் அகலவாட்டில் வரும் காற்றை முக்கோணம் தாங்கும். நீளவாட்டில் காற்று அடித்தால்? முகப்பில் உள்ள முக்கோணச் சுவரில் காற்று மோதும். முதல் முக்கோணக் கட்டு சாயும். ஓட்டைத் தாங்கும் ரீப்பர்கள் எல்லாக் கட்டுகளையும் சேர்த்துத்தான் பிடித்திருக்கின்றன. ஆனால் கைமரமும் ரீப்பரும் சேர்ந்தால் கட்டம் கட்டமாக வெறும் சதுரங்கள்தான். சதுரம் சாயும் என்று இப்போதுதான் பார்த்தோம். அதனால் எல்லாக் கட்டுகளும் சேர்ந்தே சாயும்.

இதற்கு மருந்து என்ன? மூலைக்கு மூலை சட்டம். கணக்கில் படித்த பெருக்கல் குறி நினைவிருக்கிறதா? அதே வடிவம். கைமரங்களின் அடிப்பக்கத்தில், இரண்டு கட்டுகளுக்கு நடுவே, ஒரு பெருக்கல் குறி போடவேண்டும். ஏன் இரண்டு சட்டம்? காற்று ஒரு பக்கத்திலிருந்து அடித்தால் ஒரு சட்டம் இழுத்துப் பிடிக்கும். திசை மாறினால் மற்றது பிடிக்கும். புயலின் கண் கடந்தால் காற்று எதிர்த்திசையில் திரும்பும். கடற்கரை மக்களுக்கு இது தெரியும்.

எல்லா இடத்திலும் போட வேண்டாம். வீட்டின் இரண்டு கடைசியிலும் போட்டால் ஒரு சிறு வீட்டுக்குப் போதும். மிக நீண்ட கூரையாக இருந்தால் நடுவிலும் போட வேண்டும்.

கணக்குப் போடலாம்

அந்தக் கொங்கண வீட்டுக்கு எத்தனை மூங்கில் தேவைப்பட்டது? மருமகள் சிலேட்டில் கணக்குப் போட்டாள்.

கூரையின் ஒரு சரிவு, ஒரு கடைசி: பெருக்கல் குறி 1. மூங்கில் 2.
இரண்டு சரிவு, இரண்டு கடைசி: பெருக்கல் குறி 4. மூங்கில் 8.
விட்டங்களின் மட்டத்தில், இரண்டு கடைசியிலும்: பெருக்கல் குறி 2. மூங்கில் 4.
ஆக மொத்தம்: 12 மூங்கில்.

ஒவ்வொரு மூங்கிலும் எவ்வளவு நீளம்? இரண்டு கட்டுகளுக்கு நடுவே 6 அடி. கைமரத்தின் நீளம் 8 அடி. மூலைக்கு மூலை 10 அடி வரும். 6, 8, 10 என்ற இந்தக் கணக்கு கொத்தனார்களுக்கும் தச்சர்களுக்கும் பழக்கமானது. மூலை மட்டம் பார்க்க இதைத்தான் பயன்படுத்துவார்கள். கட்டுவதற்கு இரு முனையிலும் அரை அடி கூடுதல் வேண்டும். ஆக 11 அடி. விட்ட மட்டத்தில் போடும் நான்கும் இன்னும் நீளம். அவற்றுக்கு 16 அடி ஆயிற்று.

"மறுபடியும் மச்சில் இடைஞ்சல்தானா?" என்று மகன் கேட்டான்.

"சரிவில் போடுவது கைமரத்தோடு ஒட்டிக் கிடக்கும். தலையில் இடிக்காது. விட்டத்தில் போடுவது இரண்டு கடைசியில் மட்டும். அங்கே கீழே தேங்காயைக் குவித்துக்கொள். நடக்கும் வழி நடுவில் இருக்கட்டும்" என்றார் காகா.

காற்று கூரையை அமுக்குவதில்லை, தூக்குகிறது

இதைப் பலரும் நம்ப மாட்டார்கள். காற்று கூரையை அமுக்கும் என்றே நினைப்பார்கள். ஒரு காகிதத் துண்டை உதட்டருகே பிடித்து, அதன் மேல்பக்கமாக ஊதிப் பாருங்கள். தொங்கிய காகிதம் மேலே எழும். வேகமாக ஓடும் காற்று உறிஞ்சித் தூக்கும். கூரையின் மேல் ஓடும் புயல்காற்றும் அப்படித்தான். ஜன்னலோ கதவோ உடைந்து காற்று உள்ளே புகுந்தால் இன்னும் மோசம். மேலே இழுக்கும், கீழிருந்து தள்ளும்.

எவ்வளவு விசை? ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள இடத்தில் காற்று மோதினால் ஏறக்குறைய இவ்வளவு:

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம்: 17 கிலோ.
மணிக்கு 120 கிலோமீட்டர் வேகம்: 68 கிலோ.
மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம்: 153 கிலோ.

வேகம் இரண்டு மடங்கு ஆனால் விசை நான்கு மடங்கு ஆகிறது. மூன்று மடங்கு ஆனால் விசை ஒன்பது மடங்கு. கூரையின் ஓரங்களிலும் முகட்டிலும் உறிஞ்சும் விசை அதிகம். அதனால்தான் ஓர ஓடுகள் முதலில் பறக்கின்றன.

அதே இடத்தில் மங்களூர் ஓடு ஏறக்குறைய 40 கிலோ எடை இருக்கும். தகரம் ஐந்தாறு கிலோதான். அப்படியென்றால் பெரும்புயலில் எடையை மட்டும் நம்ப முடியாது. கட்டை நம்ப வேண்டும்.

எதை எதோடு கட்டுவது? ஓடு ரீப்பரோடு. ரீப்பர் கைமரத்தோடு. கைமரம் சுவர்த் தலையில் படுத்த மரத்தோடு. அந்த மரம் சுவரோடு. சங்கிலியில் ஒரு கண்ணி விட்டால் முழுச் சங்கிலியும் வீண்.

நேராக அடித்த ஓர் ஆணியைக் காற்று எளிதில் பிடுங்கும். அதனால் இரும்புப் பட்டையை மரத்தின் மேல் சுற்றிக் கொண்டுவந்து இரு பக்கமும் ஆணி அடிக்க வேண்டும். மூங்கிலாக இருந்தால் கனத்த துத்தநாகம் பூசிய கம்பியால் முறுக்கிக் கட்ட வேண்டும். வெறும் கயிறு இற்றுப்போகும். சுவர்த் தலை மரத்தைப் பிடிக்கும் இரும்புக் கம்பி சுவருக்குள் ஒரு முழமாவது இறங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் கூரையைத் தூக்கும் காற்று சுவரின் எடையையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கும்.

2020 ஜூன் 3

இனி அந்த வீட்டுக்கு வருவோம். ஓடுகளை இறக்கியபின் கூரையின் பாரம் குறைந்தது. அந்த நேரம் பார்த்துக் காகா வேலையைத் தொடங்கினார். அறுபட்ட இடத்தில் கைமரங்களின் இரண்டு அடிகளையும் தடித்த கயிற்றால் சேர்த்துக் கட்டினார். நடுவில் ஒரு கழியைச் செருகி முறுக்கினார். கூரை கொஞ்சம் உள்ளே வந்தது. சுவர் பழைய இடத்துக்கு முழுதாக வரவில்லை. ஆனால் மேலும் சாயாமல் நின்றது. அந்த நிலையில் புது விட்டத்தை வைத்து இரு முனையிலும் போல்ட் முடுக்கினார். பிறகு பெருக்கல் குறிகள். மரத்துக்கெல்லாம் முந்திரி ஓட்டு எண்ணெய் பூசினார்கள். கரையான் அண்டாமல் இருக்கக் கொங்கணத்தில் அது பழைய வழக்கம்.

வேலை முடிந்த சில நாட்களில் புயல் செய்தி வந்தது. அதன் பெயர் 'நிசர்கா'. 2020 ஜூன் 3-ஆம் தேதி பகலில் அது ராய்கட் மாவட்டக் கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 110 முதல் 120 கிலோமீட்டர். மரங்கள் சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்தன. எத்தனையோ கூரைகள் பறந்தன.

கதையில் வரும் குடும்பம் அப்போது வீட்டில் இல்லை. அதிகாரிகள் சொன்னபடி பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் போய்விட்டார்கள். காகாதான் பிடிவாதமாக அனுப்பினார். "கூரையை நான் கட்டியிருக்கிறேன். அதற்காக அதன் கீழே உட்கார்ந்து சோதித்துப் பார்க்காதே" என்றார்.

மறுநாள் திரும்பி வந்தார்கள். ஓரத்து ஓடுகள் நிறையப் போயிருந்தன. மச்சில் தண்ணீர். விறகு நனைந்திருந்தது. ஆனால் முகடு நேராக நின்றது. ஏழு விட்டங்களும் இருந்தன. மருமகள் நேரே மச்சில் ஏறிச் சுவரைப் பார்த்தாள். விரிசல் அவள் கடைசியாகப் போட்ட கோட்டிலேயே நின்றிருந்தது. அவள் பக்கத்தில் எழுதினாள்: '4-6-2020'.

மகன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ரம்பத்தை எடுத்துக் கீழே கொண்டுபோய் வைத்தான்.

நாடு சொல்லும் பாடம்

இது கடற்கரைக்கு மட்டும் உள்ள பாடம் இல்லை. நம் நாட்டில் பல இடங்களில் இதே பாடம் இருக்கிறது.

1993 செப்டம்பர் 30 விடியற்காலை. மகாராஷ்டிரத்தின் லாத்தூர், உஸ்மானாபாத் பகுதிகளில் பூகம்பம் வந்தது. உஸ்மானாபாத்தின் இன்றைய பெயர் தாராசிவ். ஏறக்குறைய 8,000 பேர் இறந்தார்கள். அந்தப் பகுதியில் வெயிலுக்காகக் கூரையின் மேல் ஓரடி, இரண்டடி கனத்துக்கு மண் கொட்டியிருந்தார்கள். கனத்த கல்சுவர் சரிந்தது. மண் கூரை ஆட்களின் மேல் இறங்கியது. பின்னர் பழைய வீடுகளைப் பலப்படுத்தும்போது சொன்ன யோசனைகள் என்ன? கூரை மண்ணைக் குறைக்க வேண்டும். மரத் தூணும் உத்தரமும் சேரும் இடத்தில் சாய்வாக ஒரு முட்டுச் சட்டம் அடிக்க வேண்டும். மறுபடியும் அந்த முக்கோணம்தான்.

காஷ்மீரில் 'தஜ்ஜி தேவாரி' என்று ஒரு பழைய கட்டுமுறை உண்டு. மரச்சட்டத்தில் நிறையக் குறுக்குச் சட்டங்கள் அடித்து, நடுவே கல்லும் மண்ணும் அடைப்பார்கள். 2005 அக்டோபர் 8-ஆம் தேதி பூகம்பத்தில் அப்படிக் கட்டிய பல வீடுகள் ஆடின, விரிசல் கண்டன, ஆனால் நின்றன.

ஒடிசாவில் 1999 அக்டோபர் 29-ஆம் தேதி பெரும்புயலில் ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். அதே ஒடிசாவில் 2019 மே 3-ஆம் தேதி 'ஃபனி' புயல் வந்தபோது பத்து லட்சம் பேருக்கு மேல் முன்னதாகவே பாதுகாப்பான இடங்களுக்குப் போனார்கள். உயிரிழப்பு நூற்றுக்கும் குறைவு. ஆனால் லட்சக்கணக்கான வீடுகள் சேதமாயின. உயிரைக் காக்கும் வழியை மக்கள் கற்றுவிட்டார்கள். அடுத்து வீட்டைக் காக்கும் வழி.

என்ன செய்யலாம்?

மழைக்காலத்துக்கு ஒரு மாதம் முன் மச்சில் ஏறுங்கள். பகலில் ஏறுங்கள். துணைக்கு ஒருவர் கீழே நிற்கட்டும். மின்சார வயரைத் தொடாதீர்கள். எலி கடித்த வயர் இருக்கலாம். ஓட்டின் மேலும் கல்நார் தகட்டின் மேலும் கால் வைக்காதீர்கள். உடைந்து விழுவீர்கள்.

இவற்றைப் பாருங்கள்:

1. விட்டங்களை எண்ணுங்கள். எல்லாக் கட்டுக்கும் விட்டம் இருக்கிறதா? யாராவது அறுத்திருக்கிறார்களா?

2. கடைசிகளில் பெருக்கல் குறிச் சட்டம் இருக்கிறதா?

3. மரத்தின் முனைகளைக் குத்திப் பாருங்கள். சுவருக்குள் இருக்கும் முனைதான் முதலில் இற்றுப்போகும். தட்டினால் பொத்தென்று ஒலித்தால் உள்ளே கரையான் இருக்கலாம்.

4. கட்டுக்கம்பி துருப்பிடித்திருக்கிறதா? ஆணி பாதி வெளியே வந்திருக்கிறதா?

5. சுவரில் விரிசல் இருக்கிறதா? முனையில் கோடு போடுங்கள். தேதி எழுதுங்கள். மாதம் ஒருமுறை பாருங்கள். வளர்ந்தால் தச்சரையோ கொத்தனாரையோ உடனே கூப்பிடுங்கள்.

6. கூரை சுவரைத் தாண்டி வெளியே எவ்வளவு நீண்டிருக்கிறது? ஒரு முழத்துக்கு மேல் நீண்டால் காற்று அதைப் பிடித்துத் தூக்கும்.

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்கலாம். இரண்டு பக்கம் சரியும் கூரையைவிட நான்கு பக்கமும் சரியும் கூரை காற்றை நன்றாகத் தாங்கும். மிகத் தட்டையான சரிவும் வேண்டாம்.

வேலையைத் தச்சரிடம் கொடுங்கள். ஆனால் பார்க்கும் கண் உங்களுடையதாக இருக்கட்டும். வீட்டில் யார் அடிக்கடி மச்சில் ஏறுகிறார்களோ அவர்களைக் கேளுங்கள். பெரும்பாலும் அது பெண்களாக இருப்பார்கள். அவர்கள் சொல்வதை "பழைய சுவர்தானே" என்று தள்ளிவிடாதீர்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் மச்சில் ஏறுங்கள். கையில் ஒரு கரித்துண்டு இருக்கட்டும்.

பேசிப் பாருங்கள்

1. விட்டத்தின் மேல் பாரம் இல்லை. பிறகு ஏன் அதை அறுக்கக் கூடாது?

2. உங்கள் வீட்டில் எத்தனை விட்டங்கள்? எண்ணி எழுதுங்கள்.

3. கட்டுகளுக்கு நடுவே 9 அடி. கைமரம் 12 அடி. மூலைக்கு மூலை 15 அடி. இரு முனையிலும் அரை அடி கூடுதல் வேண்டும். ஒரு மூங்கில் எத்தனை அடி?

4. உங்கள் ஊரில் கடைசியாக வந்த பெருங்காற்றில் எந்த வீட்டுக் கூரை நின்றது? எந்த வீட்டுக் கூரை போனது? ஏன்? ஊர்த் தச்சரைக் கேட்டு எழுதுங்கள்.